தெமட்டகொட கராஜில் என் போர்ட் பிரிபெக்டுக்கு ஒரு புது முன்பக்கம்

தெமட்டகொடையில் ரயில் பாதையை ஒட்டிய ஒழுங்கை ஒன்றுக்குள் இருக்கும் இந்தக் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் எப்போதும் நாலைந்து லொறி எக்சல் கிடக்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவர் அறுபதைத் தாண்டியவர். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். லொறி, பஸ்களுக்குக் கிங் பின் மாற்றுவதும் அடிபட்டு வளைந்த செசி நிமிர்த்துவதும்தான் அவருடைய அன்றாடப் பிழைப்பு. பழைய கார் வைத்திருப்பவர்கள் வாய்வழியாகக் கேள்விப்பட்டு வருகிறார்கள். என் பழைய போர்ட் பிரிபெக்ட் காரின் முன் சஸ்பென்ஷனை மாற்ற நானும் அப்படி வந்தவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஹொட் ரொட், அதாவது பழைய காரை வேகத்துக்கும் தோற்றத்துக்கும் மாற்றிக் கட்டியது, செய்யும் ஆசையில் கொழும்பில் இடம் தேடுகிற யாருக்காவது உதவும்.

என்னிடம் இருந்தது 1951ஆம் ஆண்டு போர்ட் பிரிபெக்ட், ஈ493ஏ மொடல். எஞ்சின் இல்லாமல் நீர்கொழும்பில் ஒரு கொட்டிலில் கிடந்ததை வாங்கினேன். இந்த வகைக் கார்களை 1949 முதல் 1953 வரை செய்தார்கள். 1172 சிசி சைட் வால்வ் எஞ்சின், 30 குதிரைவலு, மூன்று கியர். பிரேக்கில் எண்ணெயே கிடையாது, எல்லாம் கம்பி இழுவை. வைப்பர் எஞ்சினின் வெற்றிடத்தில் ஓடும், ஆக்சிலேட்டரை மிதித்தால் அது படுத்துவிடும். கொழும்பு மழையில் அப்படி ஒரு வைப்பரை வைத்துக்கொண்டு எங்கள் தாத்தாமார் எப்படி ஓட்டினார்களோ தெரியாது.

முன்பக்கம் ஒரே இரும்பு எக்சல், அதன்மேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். எக்சலின் இரண்டு நுனியிலிருந்தும் இரண்டு கம்பிகள் பின்னால் போய் ஒரு குண்டில் சேரும். ஹென்றி போர்டுக்குக் குறுக்குப் பட்டை ஸ்பிரிங்மேல் அப்படி ஒரு பிடிவாதம்! மொடல் டீயில் தொடங்கி, பெரிய கார் சின்னக் கார் பாகுபாடில்லாமல் பல வருடம் அதையே போட்டார்கள். கலிபோர்னியா இளைஞர்கள் 1930களில் மட்காட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, காய்ந்த ஏரிப்படுகைகளில் ஓட்டிப் பார்த்த போர்ட்களிலும் இதே அமைப்புதான். அந்த ஓட்டங்களை ஒழுங்குபடுத்தும் சங்கம் 1937இல் தொடங்கியது. அவர்களுக்குக் கிடைத்தது 1932இல் வந்த வி8, எனக்குக் கிடைத்தது பிரிபெக்ட். குடும்பம் ஒன்றுதான், வசதிதான் வேறு.

நானாவிடம் போவதற்கு முன் இன்னொரு கராஜில் விசாரித்தேன். ஒரு சின்ன முன்சக்கர இழுவைக் காரின் ஸ்ட்ரட்டை, அதாவது ஸ்பிரிங்கும் ஷொக்கும் சேர்ந்த தூணை, இரண்டு பக்கமும் ஒட்டி ஒரு கிழமையில் தருவதாகச் சொன்னார்கள். பிரிபெக்டின் மூக்கு ஒடுக்கம். ஸ்ட்ரட்டின் உச்சி பொனெட்டுக்கு வெளியே நிற்கும். அதைப் பிடித்துக்கொள்ள அங்கே ஒரு தகடும் இல்லை. சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நானா விலை சொல்லவில்லை. காரைச் சுற்றிவரவும் இல்லை. முதல் கேள்வியே, "தம்பி, என்ன டயர் போடப் போறீங்க?" இன்னும் வாங்கவில்லை என்றேன். "அப்ப டயரும் சில்லும் வாங்கிட்டு வாங்க, பொறகு கதைப்போம்." எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நாலு டயரோடு மறுபடி போனபோதுதான் விசயம் விளங்கியது. டயரின் உயரம் தெரியாமல் செசி தரையிலிருந்து எவ்வளவு நிற்கும் என்று தெரியாது. அது தெரியாமல் முன் குறுக்குச் சட்டத்தை எங்கே ஒட்டுவது? செசியை மரக்கட்டைகளில் ஏற்றி, டயர்களைப் பக்கத்தில் நிறுத்தி, "மூக்கு எவ்வளவு பணியணும்?" என்று கேட்டார். இரண்டு அங்குலம் என்றேன். கட்டைகளை மாற்றி மாற்றி வைத்து, என்னைத் தெருவுக்கு அனுப்பித் தூர நின்று பார்க்கச் சொன்னார். எனக்குப் பிடித்த பிறகுதான் சோக்கை எடுத்தார்.

இந்த மூக்குச் சரிவை இலேசாக எடுப்பவர்கள் நிறையப் பேர். குறுக்குச் சட்டத்தைச் செசி மட்டமாக இருக்கும்போது ஒட்டிவிட்டு, பிறகு அழகுக்காக மூக்கை இறக்கினால், முன் சில்லின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம், அதாவது காஸ்டர், குறைந்துபோகும். பிரிபெக்டின் முன் பின் சில்லுகளுக்கு இடையே 94 அங்குலம். இரண்டு அங்குலம் இறக்கினால் ஏறத்தாழ 1.2 பாகை போய்விடும். நாலு பாகையே வைக்கிற இடத்தில் இது சின்ன நட்டம் இல்லை. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பி வராது, வேகத்தில் அலையும். நானா கணக்குப் போட்டு இதைச் சொல்லவில்லை. "சாஞ்சி நிக்கிறதில வச்சித்தான் மட்டம் பாக்கணும்" என்றார், அவ்வளவுதான். கணக்கு நான் வீட்டில் போட்டுப் பார்த்தது.

எந்த சஸ்பென்ஷன் என்பதில் எங்களுக்குள் கொஞ்சம் இழுபறி. பழைய எக்சலையே சூடாக்கி வளைத்து இறக்கிப் பூட்டலாம் என்பதுதான் நானாவின் முதல் யோசனை. செலவு குறைவு, பழங்கால ஹொட் ரொட் தோற்றமும் வரும். அவர் லொறி எக்சல் மனிதர், அவருக்கு அதில்தான் பிரியம். ஆனால் ஒற்றை எக்சலில் ஒரு சில்லு குழியில் விழுந்தால் மற்றதும் சேர்ந்து சாயும். கிராண்ட்பாஸ் பக்கம் காலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பக்கம் மட்டும் நல்லாயிருக்கிற தெரு கிடையாது. இங்கிலாந்தில் 1930களில் லெஸ்லி பலாமி என்பவர் இதே போர்ட் எக்சலை நடுவில் வெட்டி, இரண்டு பாதியையும் தனித்தனியே ஆடவிட்டு விற்றார். அந்த முறையில் சில்லு மேலே போகப்போக உச்சி உள்ளே சாயும், கீழே தொங்கினால் வெளியே சாயும். நானாவிடம் அதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, "அதுக்கு என் எக்சல் தேவல" என்றார்.

கடைசியில் முடிவானது, அமெரிக்க ஹொட் ரொட்காரர்கள் பெரும்பாலும் போடுகிற வகை. 1974 முதல் 1978 வரை வந்த மஸ்டாங் டூ காரின் முன்பக்கத்தைப் பார்த்துச் செய்தது. சில்லைச் செசியோடு பிடிக்கும் கைகளுக்கு ஆம் என்று பெயர்: மேலே சின்ன ஆம், கீழே நீள ஆம், நடுவில் ஸ்பிரிங், முன்னால் ரக், அதாவது ஸ்டியரிங் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பற்சட்டம். முதலில் வந்த காரில் கீழ் ஆம் ஒற்றைக் கம்பியாக இருக்கும், அதைப் பிடிக்க இன்னொரு கம்பி செசிக்குப் போகும். இப்போது விற்கிற செட்களில் கீழ் ஆமும் ஏ வடிவம், அந்த மேலதிகக் கம்பி தேவையில்லை. ஆம், சில்லைத் தாங்கும் நக்கிள், பிரேக் டிஸ்க், கலிப்பர் எல்லாம் டொரொண்டோவில் இருக்கும் மச்சான் அனுப்பினான். ரக்கை மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அங்கே கிடைப்பது இடப்பக்க ஸ்டியரிங்குக்கானது.

இங்கேதான் நானாவின் உண்மையான வேலை தொடங்கியது. இந்த செட்டை அதன் வழக்கமான அகலத்தில் பூட்டினால் சில்லுக்குச் சில்லு 56.5 அங்குலம் வரும். பிரிபெக்டின் பழைய அளவு 45. மட்காட் இல்லாமல் ஓட்டுகிற காரில் கொஞ்சம் அகலம் அழகுதான், ஆனால் பதினொரு அங்குலம் கூடினால் நண்டு நடப்பதுபோல இருக்கும். ஆகவே குறுக்குச் சட்டத்தை ஐந்து அங்குலம் ஒடுக்கமாகச் செய்வது என்று முடிவு. ஒடுக்குவது சுலபம், தகட்டைக் குறைத்து வெட்டினால் போதும். சிக்கல் ரக்கில்.

தரையில் அவர் வரைந்த படத்தை என் போனில் இன்னும் வைத்திருக்கிறேன். சிமெந்தில் ஒரு நக்கிள், மேலும் கீழும் இரண்டு ஆம், ரக்கிலிருந்து நக்கிளுக்குப் போகும் கம்பியான டை ரொட். ஆம்கள் செசியில் பிடிக்கும் இரண்டு புள்ளிகளையும் சேர்த்து ஒரு கோடு. "ரக்குட நுனி மூட்டு இந்தக் கோட்டில இருக்கணும். வெளியில வந்தா டை ரொட் கட்டையாப் போயிரும். ஆம் ஒரு வட்டம் போடும், ரொட் அதைவிடச் சின்ன வட்டம் போடும்." நூலில் சோக்கைக் கட்டி இரண்டு வட்டத்தையும் வரைந்தே காட்டினார். நடுவில் ஒட்டிப் போகும் இரண்டு கோடுகள், மேலேயும் கீழேயும் விலகின. அந்த விலகல்தான் வினை. ரக் முன்னால் இருப்பதால், சில்லு மேட்டில் ஏறினாலும் சரி, குழியில் தொங்கினாலும் சரி, டயரின் மூக்கு உள்ளே இழுபடும். ஸ்டியரிங்கைத் தொடாமலே கார் தானாகத் திரும்பப் பார்க்கும்.

அப்படியானால் குறுக்குச் சட்டம் ஐந்து அங்குலம் ஒடுங்கினால் ரக்கின் இரண்டு மூட்டுக்கும் இடையேயும் ஐந்து அங்குலம் குறைய வேண்டும். ரக்கை வெட்டி ஒட்டலாமா என்று நான் கேட்டதுதான் தாமதம், "ஏலா தம்பி, ஸ்டியரிங்கில ஒட்டு வேல நான் செய்யமாட்டேன்" என்று எழும்பிவிட்டார். இதற்காகவே இவருக்கு ஒரு புள்ளி கூடப் போடலாம். பிறகு அளவு நாடாவோடு, பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினோம். கடைக்காரர்கள் எந்தக் காருக்கு என்று கேட்பார்கள். நானா பதில் சொல்லாமல் மூட்டுக்கு மூட்டு அளந்து பார்த்துவிட்டு வைத்துவிடுவார். அளவு சரியாக வந்த சில ரக்குகள் எக்சலுக்குப் பின்னால் பூட்டுகிற வகை. அதை அப்படியே முன்னால் வைத்தால் ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பக் கார் இடப்பக்கம் போகும். கடைசியில் ஒரு பழைய இங்கிலாந்துக் காரின் ரக் கிடைத்தது. முன்னால் பூட்டும் வகை, வலப்பக்க ஸ்டியரிங், அளவில் அரை அங்குலத்துக்கும் குறைந்த வித்தியாசம். அந்த வித்தியாசத்தை ரக் எண்டில் சரிக்கட்டினார்.

பூட்டிய பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சில்லை ஜக்கால் ஒவ்வொரு அங்குலமாக ஏற்றி, டயரின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒரு நிமிர்த்திய பலகையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அளந்தார். முதலில் ஓர் அங்குல ஏற்றத்துக்கு இரண்டு மில்லிமீற்றர் திரும்பியது. ரக்கின் பிடிகளுக்கு அடியில் மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும் பார்த்து, அரை மில்லிமீற்றருக்குக் கீழே கொண்டுவந்துவிட்டார். கம்ப்யூட்டர் எலைன்மென்ட் செய்யும் இடங்களில் இதைக் கேட்டுப் பாருங்கள், நின்றபடி இருக்கும் காரைத்தான் அளந்து கடதாசி தருவார்கள்.

என் தொழில் போல்ட், நட். கொழும்பு பழைய சோனகத் தெருவில் கடை. ஆகவே மற்றவர்கள் பெயின்ட்டைப் பார்க்கும்போது நான் போல்ட் தலையைத்தான் பார்ப்பேன். மச்சான் அனுப்பிய செட்டில் வந்தவை அங்குல போல்ட், தலையில் ஆறு கோடு, அதாவது உயர்பலத் தரமான கிரேட் 8. அதில் குறையில்லை. கீழ் ஆமின் நடு போல்ட் மட்டும் ஒடுக்கிய சட்டத்துக்கு நீளம் சரிவரவில்லை. நானாவின் பையன் ஒருவன் பளபளவென்று ஒரு ஸ்டெயின்லெஸ் போல்ட்டைக் கொண்டுவந்தான். நான் வாயைத் திறக்குமுன் நானாவே அதை வாங்கித் தூர வைத்துவிட்டார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் மில்லிமீற்றர் போல்ட்களில் உயர்பலத் தரமான 10.9இன் பலம் அதில் இல்லை. நானா அடித்துச் சொன்னார், மரை ஆமுக்குள் வரக்கூடாது, மரையில்லாத தண்டில்தான் பாரம் உட்கார வேண்டும் என்று. என் கடையிலிருந்தே 10.9 எடுத்துக் கொடுத்தேன். தண்டு நீளமாக உள்ளதைத் தேர்ந்து, மிஞ்சிய மரையை வெட்டிக்கொண்டார். முழுக்க மரை உள்ள போல்ட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போகும் மெக்கானிக்குகளைத் தினமும் பார்க்கிறவன் நான். இந்த ஒரு காரியத்திலேயே மனம் நிறைந்துவிட்டது.

செசி வேலையும் சுத்தம். பிரிபெக்டின் செசி மெல்லியது, ஒரு பக்கம் திறந்தது. பழைய அமைப்பில் பாரம் நடுவில் ஒரே இடத்தில் இறங்கும். புது அமைப்பில் இரண்டு பக்கச் சட்டங்களின் நுனியில் இறங்கும். திறந்த பக்கத்தை மூன்று மில்லிமீற்றர் தகட்டால் மூடிப் பெட்டியாக்கினார்கள். சிஓடூ வெல்டிங் செய்கிற பாஸ் நாலு அங்குலம் ஒட்டுவார், எதிர்ப்பக்கம் போவார், திரும்பி வருவார். ஒரேயடியாக இழுத்தால் சூட்டில் செசி முறுகிவிடும். மூலைவிட்டத்தை இடையிடையே அளந்துகொண்டே இருந்தார்கள்.

எஞ்சின் டொயோட்டா 5கே, 1486 சிசி, பழைய லைட்ஏஸ் வேனில் வருவது. ஹொட் ரொட்டுக்கு இதுவா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பஞ்சிகாவத்தையில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்கும். ஆனால் அதனால் ஒரு விளைவு உண்டு. அமெரிக்க செட்டோடு வரும் ஸ்பிரிங் வி8 பாரத்துக்கானது. எங்கள் காரில் போட்டபோது அது அமுங்கவே இல்லை, கீழ் ஆம்கள் இரண்டும் தரையைப் பார்த்துத் தொங்கின. நின்ற நிலையில் கீழ் ஆம் தரைக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். மென்மையான ஸ்பிரிங் வரும்வரை நானா வேலையை நிறுத்திவிட்டார். ஸ்பிரிங்கை வெட்டிக் கட்டையாக்கும் பேச்சே எடுக்கவில்லை. வெட்டினால் உயரம் இறங்கும், ஆனால் ஸ்பிரிங் இன்னும் விறைப்பாகத்தான் ஆகும்.

பின் எக்சலுக்கு முதலில் டொயோட்டா கொரோலா டிஎக்ஸ் வேகனுடையதை யோசித்தோம். அது நாலு போல்ட், முன்னால் வந்ததோ ஐந்து. போல்ட் நிற்கும் வட்டம் இரண்டிலும் 114.3 மில்லிமீற்றர்தான், லேத்தில் புதிதாகத் துளைக்கலாம் என்று பலர் சொன்னார்கள். நானா மறுத்து, ஐந்து போல்ட் உள்ள ஒரு வேன் எக்சலைத் தேடி எடுத்தார்.

இனி ஓட்டம். காஸ்டர் நாலு பாகை, காம்பர், அதாவது சில்லின் உச்சி சாயும் கோணம், அரைப் பாகை உள்ளே, மூக்கு இரண்டு மில்லிமீற்றர் உள்ளே. பேஸ்லைன் வீதியில் முதல் தடவை ஓட்டியபோது நான் எதிர்பார்த்த அலைச்சல் எதுவும் இல்லை. மரின் டிரைவில் ஒரு பக்கச் சில்லை மட்டும் குழிகளில் இறக்கிப் பார்த்தேன், ஸ்டியரிங் கையில் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். புதிய களனிப் பாலத்தில் ஏறி வளையும்போது முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறது. பவர் ஸ்டியரிங் இல்லாததால் பார்க் பண்ணும்போது கை வலிக்கும். வெள்ளவத்தையில் கடை முன்னால் இடுக்கில் விடுகிற ஆள் என்றால் யோசியுங்கள். ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக செட்டில் வந்த பொலியூரிதேன் புஷ் காய்ந்ததும் கிறீச்சென்கிறது. கிரீஸ் வைத்தால் நிற்கும்.

குறைகளும் உண்டு. நேரம் என்பது நானாவின் கராஜில் ஒரு பொருட்டே இல்லை. லொறி ஒன்று வந்துவிட்டால் உங்கள் கார் ஓரத்துக்குப் போய்விடும். லொறிக்காரனுக்கு அன்றாட வருமானம், எனக்கு அது பொழுதுபோக்கு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன், ஆனாலும் எரிச்சல்தான். எழுதிய பில் கிடையாது. கொப்பியில் பென்சிலால் குறித்து வைப்பார், கேட்டால் வாசித்துக் காட்டுவார். கூரைத் தகரத்தில் ஓட்டை, என் செசியில் ஒரு பக்கம் துரு ஏறி மறுபடி தேய்க்க வேண்டி வந்தது. முன் பிரேக் ஹோஸ் ஒன்றை யாரோ பையன் அவசரத்தில் பூட்டியிருக்கிறான், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயரில் உரசியது. காட்டியதும் அன்றே மாற்றித் தந்தார்கள், காசு கேட்கவில்லை. ஆனாலும் பிரேக் விசயத்தில் அதை நானாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கக் கூடாது. வயரிங், பெயின்ட், டிங்கரிங் வேலைகளை அங்கே கொடுக்காதீர்கள், அது அவர்கள் கை இல்லை.

கடதாசி வேலை எதையும் நானா தொடமாட்டார். எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் மாற வேண்டும். மற்ற மாற்றங்களுக்கு என்ன அனுமதி என்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை. காப்புறுதிக்காரர்களிடமும் அப்படித்தான். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததில் பழைய கார்களின் விலை ஏறிப்போனது. அப்படி வாங்கியதைக் கடதாசிச் சிக்கலில் கராஜிலேயே நிறுத்தி வைப்பது வயிற்றெரிச்சல்.

முன்பக்க வேலைக்கு மட்டும், கூலியும் தகடும் சேர்த்து என்னிடம் 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா வாங்கினார். மச்சான் அனுப்பிய செட்டும் சுங்கமும் அதில் சேராது. அந்தச் செலவைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஒரு வார இறுதியில் கார் வேண்டும் என்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். முன்பக்கம் சரியாக இருந்தால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவர்கள் தாராளமாகப் போகலாம். டயரையும் சில்லையும் முதலே வாங்கிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குப் பூட்டியிருக்கும், நாலு மணிக்குப் பிறகு போனால் நானா ஆறுதலாகக் கதைப்பார்.